சிலைக்கும் நாமே காசு கொடுப்பதா?

அண்மையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, மலையகத்து இளைஞர் ஒருவர் என் வீடு தேடி வந்திருந்தார். கையில் கண்ணாடிச் சட்டமிட்ட சான்றிதழ் ஒன்று. ஐரோப்பிய நகரமொன்றின் பெயரைத் தாங்கிய இசைக் காணொளி விருது விழாவொன்றில், அவருடைய பாடல் அந்த மாதத்தின் சிறந்த சுயாதீனக் காணொளியாகத் தெரிவாகியிருந்தது. சான்றிதழின் இரு மருங்கிலும் பொன்னிற இலை வளையங்கள். "பேப்பரில ஒரு நியூஸ் போட ஏலுமா சேர்?" என்று கேட்கத்தான் வந்திருந்தார்.

பாடலைப் பார்த்தேன். லயன் காம்பராக்களில் மழை ஒழுகும் இரவுகளைப் பற்றிய நான்கு நிமிடப் பாடல். நண்பருடைய கமெரா, தோட்டத்துப் பிள்ளைகளே நடிகர்கள். பாடல் நன்றாக இருந்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனெனில் நான் இங்கு எழுதப்போவது அந்தப் பாடலைப் பற்றிய குறையன்று.

"விருதுக்கு எவ்வளவு தந்தார்கள் தம்பி?" என்று கேட்டேன். அவர் சிரித்தார். தரவில்லை, இவர்தான் கொடுத்திருக்கிறார். நுழைவுக் கட்டணம் 35 டொலர். சிலை வேண்டுமென்றால் அது தனி விலை, தபால் செலவும் வேறு என்று மின்னஞ்சல் வந்திருந்தது. அதனால் சான்றிதழை மட்டும் தரவிறக்கி, தம் செலவில் சட்டமிட்டுக் கொண்டார். இவ்வாறு ஆறு விழாக்களுக்கு ஏறத்தாழ இதே கட்டணத்தில் அனுப்பி, ஒன்றில் வென்றிருந்தார்.

நான் பழைய காலத்துப் பத்திரிகைக்காரன். கணக்குப் போடாமல் இருக்க முடிவதில்லை. ஒரு டொலர் 300 ரூபா என்று கொண்டால், ஒரு விழாவுக்கு 10,500 ரூபா. ஆறு விழாக்களுக்கு 63,000 ரூபா. தோட்டத் தொழிலாளருக்கு 2024 இல் நிர்ணயிக்கப்பட்ட அடிப்படை நாட்கூலி 1,350 ரூபா. அந்த இளைஞரின் தாயார் இன்றும் கொழுந்து பறிப்பவர். அந்தக் கூலியில் கணக்கிட்டால், அவர் ஏறத்தாழ 47 நாட்கள் மலையேறி இறங்கிச் சம்பாதிக்கும் தொகை, அவர் பெயரைக்கூட அறியாத ஆறு விழாக்காரர்களுக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது. 'உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது' என்பார்கள். இங்கே உழவன் உழக்கை இழந்ததோடு நில்லாமல், 'சிறந்த உழவன்' என்ற பட்டத்தையும் விலை கொடுத்து வாங்கியிருக்கிறான்.

இந்த வியாபாரத்தின் சூத்திரம் மிக எளியது. மண்டபம் தேவையில்லை, பார்வையாளர் தேவையில்லை. ஓர் இணையத்தளம், ஒரு வங்கிக் கணக்கு, நாற்பது ஐம்பது விருதுப் பிரிவுகள் போதும். பிரிவுகள் பெருகப் பெருகக் கட்டணம் பெருகும். மாதந்தோறும் விழா என்றால் ஆண்டுக்குப் பன்னிரண்டு அறுவடை. வென்றவர் தம் மகிழ்ச்சியை முகநூலில் பகிர்கிறார். அதைக் காணும் பத்துப் பேர் அடுத்த மாதம் பணம் கட்டுகிறார்கள். விளம்பரச் செலவும் வென்றவருடையதே.

"இவை சில்லறை விழாக்கள் ஐயா, இவற்றை வைத்துப் பெரிய விருதுகளை எடைபோடலாமா?" என்று வாசகர்கள் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. ஆகவே பெரியதையே பார்ப்போம்.

1984 செப்டெம்பரில் நியூயோர்க்கின் ரேடியோ சிற்றி மண்டபத்தில் எம்.ரீ.வி. தனது முதலாவது இசைக் காணொளி விருது விழாவை நடத்தியது. கொடியேந்தி நிற்கும் விண்வெளி வீரனின் சிலை அன்றுதான் பிறந்தது. அந்த அலைவரிசை தொடங்கியது 1981 ஆகஸ்டில். அதன் ஆரம்பகால இலாபத்தின் இரகசியம், இருபத்து நான்கு மணி நேரமும் ஒளிபரப்புவதற்கான சரக்கு அதற்கு இலவசமாகவே கிடைத்தது என்பதுதான். காணொளிகளைத் தயாரித்தவை இசை நிறுவனங்கள். விளம்பரமாயிற்றே என்று அவற்றை இலவசமாகக் கொடுத்தன. அந்தத் தயாரிப்புச் செலவிலோ ஒரு பெரும் பகுதியை, ஒப்பந்தத்தின் ஒரு மூலையில் எழுதிவைத்துப் பின்னர் கலைஞரின் உரிமத் தொகையில் கழித்துக் கொண்டன. ஆக, காணொளிக்குப் பணம் போட்டவர் முடிவில் கலைஞர். அதைக் காட்டி விளம்பரம் விற்றவர் வேறொருவர். இந்த ஏற்பாட்டின் உச்சியில் வைக்கப்பட்ட அலங்காரக் கலசந்தான் அந்தச் சிலை. நிறுவனம் எதுவும் பின்னால் இல்லாத சுயாதீனக் கலைஞருக்கு அந்த மண்டபத்தின் வாசற்படிகூட எட்டாத உயரத்தில் இருந்தது. 'மாற்று' இசைக்கென்று பின்னர் ஒரு பிரிவு வைத்தார்கள். 1992 இல் அதை வென்ற நிர்வாணா குழுவினரின் இறுவட்டை வெளியிட்டதும் ஒரு பெருநிறுவனமே. இசையின் வகைக்குத்தான் மாற்று என்று பெயர். முதலாளிக்கு மாற்று இல்லை.

அதே 1984 இல், வடக்கே கனடாவில் வேறொரு காரியம் நடந்தது. ரொறன்ரோவில் மச்மியூசிக் என்ற இசை அலைவரிசை தொடங்கப்பட்டபோது, அதன் ஒளிபரப்பு உரிமத்தோடு ஒரு கடப்பாடும் பிணைக்கப்பட்டது: வருவாயில் ஒரு பங்கை ஒதுக்கி, கனேடியக் கலைஞர்கள் காணொளி தயாரிப்பதற்கு உதவ வேண்டும். அதற்கென 'வீடியோஃபக்ற்' என்றொரு நிதியம் உருவானது. பிற்காலத்தில் அது 'மச்ஃபக்ற்' என்று அழைக்கப்பட்டது. பெருநிறுவனத்தின் நிழல் இல்லாத இளைஞனும் அதற்கு விண்ணப்பிக்கலாம்.

ஒரே ஆண்டு, ஒரே தொழில், இரண்டு நகரங்கள். ஒன்று, படம் எடுத்து முடித்தவனுக்குச் சிலை தந்தது. மற்றது, படம் எடுக்க வேண்டியவனுக்குப் பணம் தந்தது. 1983 இற்குப் பின் நம்மவர்கள் ஆயிரக்கணக்கில் போய் இறங்கிய நகரம் ரொறன்ரோ என்பதை நான் நினைவூட்டத் தேவையில்லை. ஆயினும் நமது கலைவிழாக்கள் இவ்விரண்டில் எதைப் பின்பற்றின என்பதை வாசகர்கள் தத்தம் அனுபவத்திலிருந்தே சொல்லிக்கொள்ளலாம்.

அந்த நிதியத்தின் முடிவையும் சொல்ல வேண்டும். கனடாவின் ஒளிபரப்பு ஒழுங்குமுறை ஆணையம் அந்தக் கடப்பாட்டை 2017 இல் நீக்கியது. அவ்வாண்டே நிதியம் மூடப்பட்டது. மச்மியூசிக்கின் விருது விழா 1990 இலிருந்து நடந்து வந்தது. நிதியம் மூடப்பட்ட பிறகும் 2018 இல் விளக்கு வெளிச்சத்தோடு ஒரு முறை நடந்து, பின் அதுவும் நின்றது. முதலில் வெட்டப்பட்டது எது என்று பாருங்கள்! எம்.ரீ.வி.யின் கதையும் வேறன்று. 2025 டிசெம்பர் 31 ஆம் திகதியோடு பிரித்தானியாவில் அதன் பாடல் அலைவரிசைகள் மூடப்பட்டன. விருது விழாவோ அதே 2025 இல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் கோலாகலமாக நடந்தேறியது. காணொளியைக் காட்டும் இடம் போய்விட்டது. காணொளிக்கு விருது கொடுக்கும் இடம் மட்டும் இருக்கிறது.

விருது வாங்கியவர்களின் கணக்கையும் ஒருமுறை பார்த்துவிடுவோம். 'ஓகே கோ' என்ற அமெரிக்கக் குழுவினர் 2006 இல் எட்டு ஓட்டப்பயிற்சி இயந்திரங்களின் மீது ஆடியபடியே ஒரே எடுப்பில் ஒரு காணொளியைப் படமாக்கினார்கள். நடனத்தை அமைத்தவர் பாடகரின் சகோதரி. அவ்வாண்டு எம்.ரீ.வி. விருது மேடையிலேயே அந்த நடனத்தை ஆடிக் காட்டினார்கள். 2007 இல் அதற்குக் கிராமி விருதும் கிடைத்தது. இதைவிட உயரமான மேடை இல்லை. ஆனால் 2010 இல் அந்தக் குழுவின் பாடகர் டேமியன் குலாஷ் நியூயோர்க் டைம்ஸ் பத்திரிகையில் எழுதிய கட்டுரையில், தமது நிறுவனம் அனுப்பிய கணக்கறிக்கையின்படி ஆறு மாதகால இணையப் பார்வைகளுக்காகக் குழுவின் கணக்கில் வைக்கப்பட்ட தொகை 27.77 டொலர் என்று வெளிப்படையாகச் சொன்னார். அதே ஆண்டில் அவர்கள் நிறுவனத்தை விட்டு விலகித் தம் சொந்தக் காலில் நின்றார்கள். அவர்களைக் காப்பாற்றியது அலுமாரியிலிருந்த கிராமி அல்ல. தமது காணொளியைத் தாமே வைத்துக்கொண்டு, தயாரிப்புச் செலவுக்கு அனுசரணையாளரைத் தாமே தேடிக்கொண்ட துணிவு.

நம்மவர் ஒருவரின் கதையும் உண்டு. யாழ்ப்பாணத்தில் குழந்தைப் பருவத்தைக் கழித்து லண்டனுக்கு அகதியாய்ப் போன மாயா அருள்பிரகாசம், எம்.ஐ.ஏ. என்ற பெயரில் 2012 இல் 'பாட் கேர்ள்ஸ்' காணொளிக்காக எம்.ரீ.வி. மேடையில் சிறந்த இயக்கம், சிறந்த ஒளிப்பதிவு ஆகிய இரு விருதுகளைப் பெற்றார். தமிழ்ப் பத்திரிகைகளும் இணையத்தளங்களும் பூரித்து எழுதின. நானும் பூரித்தவன்தான், அதை மறைப்பானேன்? ஆனால் 2004 இல், லண்டனின் சுயாதீன நிறுவனமொன்றின் வழியாக அவர் 'சன்ஷவர்ஸ்' பாடலை வெளியிட்டபோது நடந்ததை எத்தனை பேர் எழுதினோம்? பாடலில் பாலஸ்தீன விடுதலை இயக்கத்தைப் பற்றி வரும் குறிப்பை நீக்கினாலன்றி ஒளிபரப்ப மாட்டோம் என்று அன்று மறுத்ததும் அதே எம்.ரீ.வி. தான். சிலை கொடுத்த நாள் செய்தியாயிற்று. கதவடைத்த நாள் செய்தியாகவில்லை. ஒரு கலைஞருக்கு எந்த நாளில் நம் துணை தேவைப்பட்டது என்பதை யோசித்துப் பாருங்கள்.

விருதுகளால் எவருக்குமே பயனில்லை என்று நான் வாதிடவில்லை. இயக்குநருக்குப் பயனுண்டு. ஒளிப்பதிவாளருக்கும் படத்தொகுப்பாளருக்கும் உண்டு. ஜமிரோகுவாய் குழுவின் 'வேர்ச்சுவல் இன்சானிற்றி' காணொளி 1997 இல் எம்.ரீ.வி.யின் ஆண்டின் சிறந்த காணொளியானது. அதை இயக்கிய ஜொனதன் கிளேசர் பின்னர் திரைப்படத்துக்குச் சென்று, அவர் இயக்கிய 'தி சோன் ஒஃப் இன்ரெஸ்ற்' படம் 2024 இல் சிறந்த சர்வதேசத் திரைப்படத்துக்கான ஒஸ்கார் பெறும் நிலைக்கு உயர்ந்தார். விளம்பரப்படம் எடுக்கும் நிறுவனங்களும் திரைப்படத் தயாரிப்பாளர்களும் அந்த விருதுப் பட்டியலைப் பார்த்து ஆள் தேடுகின்றனர். 2008 இல் தொடங்கிய பிரித்தானிய இசைக் காணொளி விருதுகள் தொழில்நுட்பக் கலைஞர்களுக்கும் புதியவர்களுக்கும் தனித்தனிப் பிரிவுகள் வைத்திருப்பதன் நோக்கமும் அதுவே. அங்கே விருது என்பது ஒரு வேலைவாய்ப்புக் கடிதம். ஆனால் அதற்கொரு நிபந்தனை இருக்கிறது: அந்தக் கடிதத்தைப் படிப்பதற்கு, ஆள் தேடும் ஒரு தொழிற்றுறை மேசைக்கு அப்பால் உட்கார்ந்திருக்க வேண்டும். ஹட்டனிலும் மட்டக்களப்பிலும் கிளிநொச்சியிலும் இருந்து பாடும் பிள்ளைக்கு அந்த மேசையே கிடையாது. மேசை இல்லாத ஊரில் கடிதம் எவ்வளவு அழகாக அச்சிடப்பட்டிருந்தால் என்ன?

இவ்விடத்தில் என் சொந்தக் கணக்கையும் ஒப்புவிக்க வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் கொழும்பில் நடந்த இசைக் காணொளி விருது விழாவொன்றில் நானும் நடுவராக அமர்ந்தேன். பெயர் வேண்டாம். மூன்று நாட்கள் பாடல்களைப் பார்த்துப் புள்ளியிட்டோம். கடைசி நாள்தான் தெரிந்தது, எங்கள் புள்ளிகளுக்குப் பாதி மதிப்பு. மறுபாதி குறுந்தகவல் வாக்குகளுக்கு. ஒவ்வொரு வாக்குக்கும் வழமையைவிடக் கூடிய கட்டணம். வசூல் விழாக்காரருக்கும் தொலைபேசி நிறுவனத்துக்கும் இடையே பங்காகியது. போட்டியிட்ட பிள்ளைகளின் தாய் தகப்பன்மார் உறவினரிடமெல்லாம் கெஞ்சி வாக்குப் போட வைத்தார்கள். பாடியவருக்கு ஒரு சதமும் இல்லை. அந்தக் காணொளிகள் மறுமாதம் அந்தத் தொலைக்காட்சியில் ஒருமுறைகூடக் காட்டப்படவில்லை என்பதையும் நான் கவனித்தேன். கவனித்தும் எழுதவில்லை. எனக்கும் ஒரு பொன்னாடை போர்த்தியிருந்தார்கள். பொன்னாடை போர்த்தப்பட்டவனின் பேனா கொஞ்ச நாள் எழுதாது. நமது சமூகத்தில் பல பேனாக்கள் எழுதாமற் போனதன் காரணம் இதுவே.

பாராட்டு வேறு, உரிமை வேறு என்பதற்கு நம் கண்முன்னே நடந்த சான்று 'என்ஜாய் எஞ்சாமி'. 2021 மார்ச்சில் வெளியான அந்தச் சுயாதீனப் பாடலின் உயிர், இலங்கையின் தேயிலைத் தோட்டங்களில் உழைத்துப் பின் தமிழகம் திரும்பிய தன் பாட்டி வள்ளியம்மாளிடமிருந்து அறிவு பெற்றுக்கொண்ட கதை. கோடிக்கணக்கானோர் பார்த்தனர். புகழுக்கு அளவில்லை. அதே ஆண்டு ஆகஸ்டில் ஒரு பிரபல இசைச் சஞ்சிகையின் இந்தியப் பதிப்பு அட்டைப்படம் வெளியிட்டபோது, பாடலை எழுதிப் பாடிய அறிவு அதில் இல்லை, எதிர்ப்பு எழுந்தது. 2022 இல் சென்னைச் சதுரங்க ஒலிம்பியாட் தொடக்க விழா மேடையில் அப்பாடல் ஒலித்தபோதும் அறிவு அங்கில்லை. பாடலை உருவாக்கியதில் யார் பங்கு எவ்வளவு என்ற விவாதம் பகிரங்கமாயிற்று. 2024 மார்ச்சில் இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணன், மூன்றாண்டுகளாகத் தமக்கு அப்பாடலின் மூலம் எந்த வருமானமும் வரவில்லை என்று பொதுவெளியில் கூறினார். யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. பாடலை உருவாக்கியவர்களே பணத்துக்கும் பெயருக்கும் பொதுவெளியில் வாதாட நேர்ந்ததே என் கவலை. இத்தனை புகழ் வந்த பாடலுக்கே இந்த நிலையென்றால், மாதாந்தச் சான்றிதழ் வாங்கிய என் மலையகத் தம்பியின் பாடலுக்கு என்ன பாதுகாப்பு? இலங்கையில் 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் இருக்கிறது. நான் சந்தித்த இளம் பாடகர்களில் விருதுகளின் பட்டியலை மனப்பாடமாகச் சொல்பவர்கள் அநேகர். அந்தச் சட்டத்தின் பெயரைச் சொன்னவர் ஒருவருமில்லை. இந்தக் குற்றம் அவர்களுடையதன்று. அதைச் சொல்லிக் கொடுக்காத எங்களுடையது.

அப்படியானால் விருதே வேண்டாமா? வேண்டும், காசு எந்தத் திசையில் பாய்கிறது என்று பார்த்து ஏற்க வேண்டும். கனடாவில் 2006 இல் தொடங்கிய பொலாரிஸ் இசைப்பரிசைப் பாருங்கள். அது காணொளிக்கன்று, இசைத்தொகுப்புக்கானது. கலைஞர் கட்டணம் செலுத்தி விண்ணப்பிப்பதில்லை. நடுவர்களே தேடித் தெரிகிறார்கள். பரிசு காசோலையாக வருகிறது. தொடக்கத்தில் 20,000 கனேடிய டொலர். 2015 இல் அது 50,000. 2013 இல் மொன்றியலைச் சேர்ந்த 'கோட்ஸ்பீட் யூ! பிளாக் எம்பரர்' என்ற சுயாதீனக் குழு வென்றது. மக்கள் சிக்கனத்தில் வாடும் காலத்தில் கம்பனிகளின் அனுசரணையோடு ஆடம்பர விழா எதற்கு என்று விழாக்காரரையே கண்டித்து அறிக்கை விட்டு, பரிசுப் பணமான 30,000 டொலரைக் கியூபெக் சிறைக் கைதிகளுக்கு இசைக்கருவிகள் வாங்கக் கொடுத்தது. பணம் கையில் வந்தவனால்தான் கொடுக்க முடியும், கண்டிக்கவும் முடியும். சான்றிதழ் வாங்கியவன் நன்றி மட்டுமே சொல்லலாம்.

எழுபதுகளில் நித்தி கனகரத்தினமும் ஏ. ஈ. மனோகரனும் பாடிய பொப் பாடல்கள் கடல்கடந்து போனது எந்தச் சிலையின் தோளிலும் ஏறியன்று. இலங்கை வானொலி அவற்றைத் திரும்பத் திரும்ப ஒலிபரப்பியது. மக்கள் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். கலைஞனுக்கு வேண்டியவை இவைதாம்: தயாரிக்கக் காசு, காட்ட இடம், கேட்க ஆள், தன் படைப்பின்மேல் தன் பெயர். இந்த நான்கில் ஒன்றையேனும் தராத விருது, அவனுக்கு ஒன்றும் தரவில்லை.

ரொறன்ரோவிலும் லண்டனிலும் பாரிசிலும் மெல்பேணிலும் கலைவிழா நடத்தும் நமது சங்கங்களுக்கு ஒரு வார்த்தை. ஒரு மண்டப வாடகை, நூறு கேடயம், பிரதம விருந்தினரின் விமானச் சீட்டு, ஐம்பது பொன்னாடை: இவற்றின் செலவை ஓராண்டு மட்டும் ஒதுக்கி வையுங்கள். அதைக்கொண்டு ஊரிலிருக்கும் ஐந்து பிள்ளைகளுக்கு ஐந்து பாடல்களைப் படமாக்கப் பணம் கொடுங்கள். ஒப்பந்தத்தில் உரிமை பிள்ளைகளுக்கே என்று எழுதுங்கள். பிறகு, கேடயம் கொடுக்கவிருந்த அதே மண்டபத்தில் அந்த ஐந்தையும் நுழைவுச்சீட்டு வைத்துத் திரையிட்டு, வசூலை அனுப்புங்கள். மேடையில் பேசுவதற்கு ஆளில்லையே என்று கவலைப்படத் தேவையில்லை. பாடல் பேசும்.

மலையகத் தம்பிக்கு நான் என்ன சொன்னேன் என்று கேட்பீர்கள். விருதைப் பற்றிச் செய்தி எழுத மாட்டேன் என்றேன். அவர் முகம் வாடியது, எனக்கும் கஷ்டமாயிருந்தது. பாடலைப் பற்றி எழுதுகிறேன், வரிகளை எழுதியவர், இசையமைத்தவர், கமெரா பிடித்தவர், நடித்த பிள்ளைகள் எல்லாருடைய பெயரையும் எழுதித் தாருங்கள் என்று ஒரு தாளை நீட்டினேன். பன்னிரண்டு பெயர்கள் எழுதினார். கடைசிப் பெயரில் கொஞ்ச நேரம் தயங்கினார்.

"அம்மாட பேரயும் போடலாமா சேர்? காசு குடுத்தது அவதானே."

போட்டிருக்கிறோம், தயாரிப்பாளர் என்ற இடத்தில்.